கொட்டிலில் நிற்கும் மிசினும் அதன் உடையவரும்: பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களிலும், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து வயலூர்களிலும் பழைய வேளாண்மைக் குடும்பங்களின் வளவுகளுக்குள் போனால், வீட்டின் பின்புறம் தகரக் கொட்டிலொன்றில் உழவு இயந்திரமொன்று ஓடாமல் நிற்பதைக் காண்பது அரிதல்ல. நாங்கள் அதை மிசின் என்றுதான் சொல்வோம். வீட்டில் வேறு எத்தனை இயந்திரங்கள் இருந்தாலும், அடைமொழி இல்லாமல் மிசின் என்றால் அது உழவு மிசினே. அதன் உடையவர் பெரும்பாலும் அம்மாவின் தகப்பனாக இருப்பார். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போவதால், பிள்ளைகள் வளர்வது அம்மப்பாவின் முற்றத்தில்தான். அப்படி ஒரே வளவுக்குள் வளர்ந்தும், அவரோடு பத்து நிமிடம் தொடர்ந்து பேசியிராத பேரன்மாருக்கும் பேத்திமாருக்குமாக இதை எழுதுகிறேன். நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன்.

2022 ஆம் ஆண்டு டீசல் தட்டுப்பாட்டின்போது, எண்ணெய்ச் செட்டுக்கு முன்னால் கான்களை வைத்துக்கொண்டு அம்மப்பாவோடு இரண்டு இரவுகள் காத்திருந்தேன். நான் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஓம்", "இல்ல" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர், வரிசையில் முன்னால் நகர்ந்த ஒரு மிசினின் சத்தத்தைக் கேட்டு, அதில் என்ன கோளாறு என்று தானாகவே சொல்லத் தொடங்கி, விடியும்வரை நிறுத்தவில்லை. அந்த இரவில் எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேர்காணல் எடுக்கப் போகிறவரைவிட, கையாளாகப் போகிறவருக்கே அதிகம் கிடைக்கும். பேச்சு வேலையின் பின்னால் வரும். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றியே அமைந்தவை.

எப்போது போவது

விதைப்புக் காலத்தில் போகாதீர்கள். புரட்டாதி, ஐப்பசியில் மழையைப் பார்த்து வயலுக்கு ஓடும் வீட்டில் கதை கேட்க வருகிறவர், கால்களுக்குள் சிக்கும் கோழிக்குஞ்சு போலத்தான். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு வருகின்ற சித்திரை விடுமுறையும், அடுத்த பெரும்போகத்துக்கு மிசினை ஆயத்தப்படுத்த வேண்டிய ஆவணி மாதமும் பொருத்தமானவை. இரண்டிலும் ஆவணியே நல்லது என்பது என் கருத்து. அப்போது வேலைக்கு ஒரு கெடு இருக்கும், கெடு உள்ள வேலையில் பெரியவர்கள் கையாளைத் துரத்துவதில்லை. காலை ஆறரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் போங்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசுகின்ற மத்தியானத்தில் எங்கள் ஊரில் எவரும் எதைப் பற்றியும் பேச விரும்புவதில்லை.

முதல் நாள்

முதல் நாளில் எதையும் கழற்ற வேண்டாம், தொலைபேசியையும் வெளியே எடுக்க வேண்டாம். ஒரு பழைய துணி, ஒரு தூரிகை, அரைப் போத்தல் மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு போய், "அம்மப்பா, இதத் துடைக்கட்டா?" என்று கேளுங்கள். கேட்காமல் தொடங்குவது அவருடைய சட்டைப் பைக்குள் கை விடுவதைப் போன்றது. அவர் நிற்காமல் இருக்க ஒரு கதிரையையும் கொண்டுபோய் நிழலில் வையுங்கள். பல வருடம் மிசின் ஓட்டியவர்களுக்குக் காது மந்தமாவது வழமை. ஆகவே எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்பதை மெல்லக் கவனித்து, அந்தப் பக்கத்தில் உட்காருங்கள்.

துடைத்துக்கொண்டே பாகங்களின் பெயர்களைக் கேளுங்கள். அவர் சொல்வதுபோலவே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சில்லு மிசின் எதுவாக இருந்தாலும், அது ஜப்பானியக் குபோட்டாவோ சீனத் தயாரிப்போ, அவர் அதை லான்ட்மாஸ்டர் என்றே சொல்லக்கூடும். அது முன்னர் இங்கு வந்த பிரித்தானியத் தயாரிப்பொன்றின் பெயர், பிறகு அந்த வகைக்கே பெயராகிவிட்டது. அதைத் திருத்தப் போகாதீர்கள். இழுவைப் பெட்டி வெறும் "பெட்டி" ஆகவும், எரிபொருள் குழாயில் காற்று நுழைவது "எயர் பிடிச்சிற்று" ஆகவும் அவர் வாயில் வரும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் கைநூலை விரித்து வைத்துக்கொண்டு அவருடைய சொல்லைச் சரிபார்ப்பவர்கள், மறுநாள் தனியாகத்தான் துடைக்க வேண்டியிருக்கும்.

மிசினின் வயதைக் கண்டுபிடித்தல்

எந்த ஆண்டு வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த பதில் பெரும்பாலும் வராது. எங்கள் மாவட்டத்துப் பெரியவர்கள் ஆண்டுகளை எண்களால் நினைவில் வைப்பதில்லை, அழிவுகளால் வைக்கிறார்கள். 1957 மார்கழி வெள்ளத்துக்கு முந்தியா, 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளிக்குப் பிந்தியா, 1990 இல் போரால் இடம்பெயர்ந்தபோது மிசின் எங்கே நின்றது, 2004 இல் கடல் வந்தபோது யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று கேள்விகளுக்குள் ஆண்டு ஒரு சிறிய வட்டத்துக்குள் வந்துவிடும். சூறாவளி இரவில் மிசினுக்குக் கீழே ஒதுங்கிய கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், அது இந்தக் கேள்வியின் வழியாகவே வெளியே வரும்.

அடுத்து, மிசினையே கேளுங்கள். மெஸி பெர்குசன் 35, 135 ஆகிய மாதிரிகளில் தொடரிலக்கத் தகடு, ஓட்டுநருக்கு முன்னாலுள்ள மானிப் பலகையருகே இருக்கும். 35 என்பது 1957 முதல் அந்தப் பெயரில் வெளிவந்தது. அதில் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் இயந்திரம் 1959 இல் சேர்ந்தது. 135 வெளிவந்தது 1964 இன் இறுதியில். உங்கள் அம்மப்பா அதை அறுபதுகளின் தொடக்கத்தில் வாங்கினேன் என்று சொல்லி, தகடு 135 என்று காட்டினால், அவரிடம் வாதாட வேண்டாம். இதற்கு முன் வேறு மிசின் ஏதும் இருந்ததா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் விற்றுப்போன ஒரு 35 வெளிப்பட்டது. இலக்கத் தகட்டின் நடுவே ஸ்ரீ எழுத்து இருந்தால் அதையும், பதிவுப் புத்தகம் இருந்தால் அதிலுள்ள முந்திய உடையவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களில் ஒருவராவது அவருக்கு ஒரு காலத்தில் சண்டைக்காரராகவோ சம்பந்தியாகவோ இருந்திருப்பார்.

1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிகள் இறுக்கப்பட்டிருந்த காலத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத அந்த வருடங்களில் எதை எதனால் மாற்றினீர்கள் என்ற கேள்விக்கு, எந்தப் பெரியவரும் சுருக்கமாகப் பதில் சொன்னதை நான் கண்டதில்லை. மிசினில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருந்தாத ஒரு போல்ட், கொல்லன் பட்டறையில் அடித்த ஒரு கொக்கி, தோல் வெட்டிச் செய்த ஒரு வோஷர் என்பவை அந்தக் காலத்தினுடையவையாக இருக்கலாம். அவற்றைப் புதியதாக மாற்றிவிடாதீர்கள்.

விலையை மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம், பெத்தாவிடம், அதாவது அம்மாவின் தாயிடம், கேளுங்கள். எந்த நகை அடகுக்குப் போனது, எது திரும்பி வரவில்லை என்பது பெத்தாவுக்குத்தான் தெரியும்.

கை வைக்கும் வேலை

இரண்டாவது வாரத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம். வருடக்கணக்காக நின்ற டீசல் மிசினை நேரே ஸ்டாட் செய்யக் கூடாது. முதலில் ஒயிலைப் பாருங்கள். அது பாலில் கலக்கிய தேயிலைச் சாயம்போல் வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த நிலையில் இயந்திரத்தைச் சுழற்ற வேண்டாம். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, வடித்துவிட்டுப் புதியது ஊற்றி, பில்டரையும் மாற்றுங்கள். ரேடியேற்றரில் சுத்தமான தண்ணீரை நிரப்பி, ஒரு மணி நேரம் விட்டு, கீழே எங்காவது சொட்டுகிறதா என்று பாருங்கள். பழைய டீசலை முழுவதும் வடித்து, டாங்கியின் அடியில் படிந்த துருவையும் சேற்றையும் கழுவுங்கள்.

இந்தக் காலத்து மிசின்களில் காற்று வடிகட்டி, ஒயில் நிரம்பிய ஒரு கிண்ணத்தின் மேல் காற்றைச் செலுத்தித் தூசியைப் பிடிக்கும் வகையினது. அந்தக் கிண்ணத்தைக் கழற்றுவதை அவர் பார்க்கும்படி செய்யுங்கள். அதன் அடியில் படிந்து கிடப்பது, மிசின் கடைசியாக உழுத வயலின் மண். என் அம்மப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எந்த வட்டை, அதாவது எந்த வயல்வெளி, மண் என்று சொன்னார். சரியாகத்தான் சொன்னாரா என்று எனக்குச் சோதிக்க வழியில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த வட்டையில் யார் யார் வயல் வேலையாட்களை நடத்தும் முல்லைக்காரராக இருந்தார்கள், தண்ணீர்ப் பிணக்கில் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை என்ன தீர்ப்புச் சொன்னார் என்று ஒரு காலைப் பொழுது முழுவதும் போனது.

பற்றரி விடயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய பிரித்தானிய மிசின்கள் சிலவற்றில் பற்றரியின் நேர் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களைப் பார்த்துப் பழகிய கை, மாற்றிக் கொடுத்துவிடும். கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்னரே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியை வெளியே எடுக்க இதுவே நல்ல முதல் சந்தர்ப்பமும்கூட.

இனி, எயர் எடுத்தல். கற்றுக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல வேலை மிசினில் இல்லை, ஏனெனில் இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும். டாங்கியை நிரப்பிக் குழாயைத் திறந்த பிறகு, பில்டரின் மேலுள்ள சிறிய ஸ்க்ரூவைத் தளர்த்தி, பக்கத்திலுள்ள கைப் பம்பின் நெம்பை மேலும் கீழும் அசையுங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியில்லாத டீசல் வழிந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அதையே இன்ஜெக்டர் பம்பின் உடலிலுள்ள ஸ்க்ரூக்களிலும் செய்யுங்கள். கடைசியாக, நொசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை நொசில் பக்கத்தில் அரைச் சுற்றுத் தளர்த்தி, மற்றவர் ஸ்டாட்டரைச் சுழற்ற, டீசல் கசிந்து வந்ததும் இறுக்குங்கள். அந்த இடத்துக்கு அருகில் வெறும் விரலைக் கொண்டுபோகவே கூடாது. அழுத்தத்தோடு பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது, அப்படிப் பட்டால் சிறிய புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இத்தனை செய்தும் மிசின் பிடிக்காவிட்டால், நிறுத்துவதற்காக வெளியே இழுத்துவிட்ட பொத்தான் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் இருவருமாக ஒரு முழு முற்பகலை அந்தப் பொத்தானுக்குக் கொடுத்திருக்கிறோம்.

மிசின் பிடித்ததும் உங்கள் வேலை முடிகிறது, அவருடைய வேலை தொடங்குகிறது. அவரைக் கேட்க விடுங்கள். மங்கிய கண்ணும் நோகின்ற முழங்காலும் உள்ளவருக்கு, சத்தத்தைப் பிரித்தறியும் திறமை மிஞ்சியிருக்கும். உயர்ந்த சத்தங்களை இழந்த காதுகூட இயந்திரத்தின் தாளத்தை விட்டுவிடுவதில்லை. "மனே, மூணாவது ஒழுங்கா அடிக்குதில்ல" என்று அம்மப்பா சொன்னபோது எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் கேட்டன. அவர் சொன்னபடியே, தடித்த துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நொசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தோம். முதலாவதிலும் இரண்டாவதிலும் சத்தம் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை, ஆகவே வேலை செய்யாதது அதுதான். வால்வு இடைவெளியையும் அவரிடமே கேளுங்கள். இந்தப் பேர்கின்ஸ் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது 12 "தௌ", அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, 0.30 மில்லிமீற்றர். அளவுத் தகட்டை நுழைத்து இழுக்கும்போது எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைக் கைநூல் சொல்லாது, அவருடைய விரல் சொல்லும்.

உதிரிப்பாகம் வாங்கக் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 135 க்கான பாகங்கள் இந்தியாவில் இன்றும் செய்யப்படுவதால் பெரும்பாலானவை கிடைக்கும். அலைபேசியில் கேட்டால் விரைவில் முடியும் வேலைதான். ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் வயலையும் மிசினையும் பங்குபோட்டு வாழ்ந்த நாட்களின் பழக்கம், அந்தக் கடைகளின் வாங்குகளில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ உள்ள ஒரு பழைய மெக்கானிக், உங்கள் அம்மப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து, நீங்கள் கேட்டிராத ஒரு கதையைச் சொல்லக்கூடும்.

சாரனும் மற்ற ஆபத்துகளும்

இந்தப் பகுதியில் நயம் பார்க்க முடியாது. சாரன் உடுத்திக்கொண்டு, ஓடுகின்ற மிசினின் பின்புறத்துச் சுழல் தண்டுக்கோ, லான்ட்மாஸ்டரின் பெல்ட்டுக்கோ அருகில் எவரும் போகக் கூடாது, அம்மப்பாவும்தான். அந்தத் தண்டு வேலை வேகத்தில் நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். துணியின் ஒரு முனை சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. அவரிடம் நேரே "சாரனை மாற்றுங்க" என்று சொல்வது மரியாதையாகப் படாவிட்டால், நீங்கள் காற்சட்டையோடு போய், அவருக்கும் ஒன்றைப் பெத்தா மூலம் கொடுத்தனுப்புங்கள்.

நெடுநாள் நின்ற மிசினில் கிளச் தட்டு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அப்போது கிளச்சை மிதித்தாலும் மிசின் நகரும். ஆகவே முதல் தடவை கியர் போடும்போது, முன்னால் சுவரோ, கிணறோ, பிள்ளைகளோ இல்லாத இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். வீதிக்கு ஏற்றுவதானால், தனித்தனியான இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் சேர்த்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் மிசின் ஒரு பக்கம் சுழன்று புரளும். பின்சில்லின் மட்காட்டில் பேரப்பிள்ளையை ஏற்றுவது எல்லோருடைய பழைய படத்திலும் உண்டு. அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க விரும்பினால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். குபோட்டாவைக் கைப்பிடியால் சுழற்றும்போது பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். திருப்பி உதைத்தால் விரல் தப்பும். மூடிய கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், மரக்குற்றிகளை அடுக்குங்கள்.

எதை எப்படிக் கேட்பது

"உங்கட வாழ்க்கையப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால், எங்கள் பெரியவர்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். செயலைக் கேளுங்கள். களவெட்டி என்ற நெற்களத்தில் எருமைகளைப் பிணைத்து, சூடு எனப்படும் அறுத்த கதிர்க் குவியலை மிதித்த காலத்தையும், பிறகு அதே சூட்டின் மேல் மிசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டி மிதித்த காலத்தையும், இன்று வெட்டும் மிசின் அரை நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போவதையும் ஒரே ஆயுளில் கண்டவர் அவர். எந்தக் கியரில் மிதித்தீர்கள், எந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள், வைக்கோலை யார் புரட்டினார்கள், இரவில் வெளிச்சத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்று சொன்ன வழக்கம் மிசின் வந்த பிறகும் இருந்ததா என்று நான் கேட்டேன். "மிசினுக்குக் காது கேளாதுதான், பொலிக்குக் கேக்கும்" என்றார். அம்பாறைப் பக்கத்துக் குடும்பமாக இருந்தால், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்போது இங்கினியாகலையில் அணை கட்டிய பெரிய இயந்திரங்களைச் சிறுவனாகப் போய்ப் பார்த்த நினைவு இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

சில மிசின்கள் வேறு விதமான நினைவுகளைச் சுமப்பவை. இடம்பெயரும்போது விட்டுவிட்டு வந்தது, திரும்பி வந்தபோது எரிந்து கிடந்தது, யாரோ கேட்டு எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராதது, ஓட்டிப் போனவர் திரும்பி வராதது என்று பல வீடுகளில் உண்டு. பேச்சு அந்த இடத்துக்கு வந்து நின்றால், அடுத்த கேள்வியைக் கேட்காமல் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டிருங்கள். அவர் தொடர விரும்பினால் தொடர்வார். அந்தப் பகுதியை அனுமதியில்லாமல் ஒலிப்பதிவு செய்ய வேண்டாம். மற்றவற்றைப் பதிவு செய்யலாம், ஆனால் இயந்திரம் நிற்கும்போதே செய்யுங்கள். ஓடும்போது எடுத்த என்னுடைய முதல் நான்கு பதிவுகளிலும் மிசின்தான் பேசுகிறது.

மிசின் இல்லாத வீட்டில்

பழைய இரும்பு வியாபாரிக்கு எப்போதோ போய்விட்டது என்றால், மிச்சம் இருப்பதைத் தேடுங்கள். தண்ணீர் இறைத்த பழைய பம்ப், சில்லில்லாத பெட்டி, வேலியோரத்தில் புல் மூடிய கலப்பை, பெத்தாவின் தையல் மிசின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். தையல் மிசினைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒயில் விடுவது அரை நாள் வேலை, டீசலும் தேவையில்லை. அங்கே கற்றுக்கொடுப்பவர் பெத்தாவாக மாறிவிடுவார், அம்மப்பா கதிரையில் இருந்து குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஓடத் தொடங்கிய பிறகு

புதிய வர்ணம் பூசுவதைத் தள்ளிப்போடுங்கள். இருக்கையின் ஓரத்தில் அவருடைய கை பட்டுத் தேய்ந்த இடம், வர்ணத்துக்குக் கீழே போய்விட்டால் திரும்ப வராது. அதற்குப் பதிலாக மிசினுக்கு ஒரு சிறிய வேலையைக் கொடுங்கள். வளவுக்கு ஒரு பெட்டி மணல், கோயில் திருவிழாவுக்கு ஒரு பெட்டி கம்பு, அவ்வளவு போதும். முதல் ஓட்டத்தை அவர் ஓட்டட்டும். ஏற முடியாத நிலையில் இருந்தால், நீங்கள் ஓட்ட, அவர் கதிரையில் இருந்து சைகை காட்டட்டும். நீங்கள் தவறாகக் கியர் மாற்றும்போது அவர் திட்டுவார், அதற்கு ஆயத்தமாக இருங்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது இருபது நிமிடம் ஓட விடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களில் யார் ஓட்டுவது என்பதை அவரோடு பேசி முடிவெடுத்து, அந்த ஆளுக்கு எயர் எடுக்கவும் காட்டிக்கொடுங்கள்.

நிறுத்தும்போது பொத்தானை இழுத்து இயந்திரம் ஓய்ந்ததும், டீசல் குழாயை மூடி, பற்றரியின் ஒரு கம்பியைக் கழற்றி வையுங்கள். சைலன்சர் சூடு ஆறிய பிறகு, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி அதன் வாயில் ஒரு வெற்றுப் பால்மா டின்னைக் கவிழ்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த டின் கதிரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கவிழ்ப்பது அம்மப்பாவின் வேலை.